இதற்கு என்ன பெயர், மாப்பிள்ளை?

முதல் நாள், திங்கள்

பொங்கல் முடிந்த கையோடு மாமனார் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். வந்து பத்து நாளாகிறது. மெரினா பேயைக் காட்டினோம். "நன்றாக இருக்கிறது" என்றார். தேக்காவைக் காட்டினோம், "நம் ஊர்க் கடைத்தெருதான்" என்றார். பேரங்காடிக்கு அழைத்துப் போனால் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் போய்வாருங்கள், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எங்கள் கையில் பை எதுவும் இல்லை.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, மகனுக்குப் பள்ளி. எனக்கு மட்டும் போன வருடத்து லீவில் ஒரு வாரம் மீதமிருக்கிறது. ஆகவே மாமனாரும் மருமகனும். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் நாங்கள் இருவரும் தனியாகச் சேர்ந்து இருந்த மொத்த நேரம் இரண்டு மணியைத் தாண்டாது. அதிலும் ஒரு மணி நேரம் சிதம்பரம் ரயில் நிலையத்தில், தாமதமான வண்டிக்காகக் காத்திருந்தது.

"எங்கே போகலாம், மாமா?"

"மரம் இருக்கிற இடமாகப் பாருங்கள், மாப்பிள்ளை."

இப்படித்தான் இன்று காலை ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறி, பீஷானில் மாறி, மேரிமவுண்டில் இறங்கி, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு நடந்தோம். நான் இங்கு நடக்க வருவது புதிதல்ல. எங்கள் அலுவலகத்தில் நடைக்கணக்குப் போட்டி உண்டு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் பத்தாயிரத்தைத் தொட்டதும் அதிரும். காதில் பாட்டு, காலில் வேகம். மூன்று வருடமாக இந்தக் காட்டில் நடக்கிறேன். காட்டை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா பத்தடிக்கு ஒருமுறை நின்றார். "இதற்கு என்ன பெயர், மாப்பிள்ளை?"

தெரியவில்லை.

"இந்தக் கொடிக்கு?"

தெரியவில்லை.

"பறவை ஒன்று கத்துகிறதே, அது?"

பதினைந்து நிமிடத்தில் பதினொரு முறை தெரியாது என்று சொல்லியிருப்பேன். பன்னிரண்டாவது முறை நல்லவேளையாக ஓர் உடும்பு பாதையைக் கடந்தது. என் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும். பலகை நடைபாதையின் ஓரமாக வந்து, நாக்கை நீட்டிக் காற்றை ருசி பார்த்துவிட்டு, அலட்சியமாகத் தண்ணீரில் இறங்கியது. "உடும்பு, மாமா" என்றேன் பெருமையாக. "அது எனக்கே தெரியும்" என்றார்.

மாமா வீராணம் பாசனத்தில் முப்பது வருடம் லஸ்கராக இருந்தவர். மதகைத் திறப்பதும் அடைப்பதும், வாய்க்காலில் எந்தக் கண்ணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பதும்தான் வேலை. அதனால் நீர்த்தேக்கத்தின் கதை அவருக்குப் பிடித்தது. சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இது, 1868இல் வந்தது. அதற்கு முன் இந்தத் தீவின் காடுகளைக் காசுக்கட்டி போன்ற காம்பிர் செடிக்கும் மிளகுக்கும் வெட்டி வெட்டித் தீர்த்திருந்தார்கள். பிற்பாடு குடிதண்ணீர் கெட்டுவிடக் கூடாதென்று நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த காட்டைத் தொடாமல் விட்டார்கள். வெட்டிய இடத்திலும் காடு திரும்ப முளைத்தது. "அப்படியென்றால் இது தண்ணீருக்குக் காவலுக்கு நிற்கிற காடு" என்றார் மாமா. அவரும் லஸ்கர், காடும் லஸ்கர் என்ற முறையில் அன்றிலிருந்து அதன்மேல் ஒரு மரியாதை.

மர உச்சியில் தொங்கும் பாலத்தைக் காட்டுகிறேன் என்று நான்கரை கிலோமீட்டர் நடக்கவைத்தேன். போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. இணையத்தில் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவாயில்லை. மதகு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் வருவதுதான்."

கடிகாரம் பத்தாயிரத்துக்கு அதிர்ந்தது. அவர் அதையும் கேட்டார்: "அது ஏன் துடிக்கிறது?"

இரண்டாம் நாள், செவ்வாய்

புக்கிட் தீமா. சிங்கப்பூரின் இயற்கையான நிலத்தில் மிக உயர்ந்த இடம் இதுதான்: 163 மீட்டர். "163 அடியா?" என்று கேட்டார் மாமா. மீட்டர் என்றதும் அரைமனதாகத் தலையாட்டினார். சிரிக்க அவருக்கும் உரிமையில்லை. எங்கள் ஊர்க் கிள்ளைப் பக்கத்தில் மலை என்றால் கொள்ளிடக் கரைதான்.

ஆனால் மலை தொடக்கத்திலேயே பழிவாங்கியது. வாசலைத் தாண்டியதும் தார்ச்சாலை செங்குத்தாக ஏறுகிறது. நான் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் நடப்பதுபோல ஒரே சீராக ஏறினார். எதிரே இறங்கிவந்த சீன முதியவர் ஒருவர் அவருடைய ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாமாவும் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. என்னிடம் சொல்லிக்கொள்வதைவிட அவர்களுக்குள் அதிகம் சொல்லிக்கொண்டது போலிருந்தது.

பாதி வழியில் ஒரு சம்பவம். மாமியார் கொடுத்தனுப்பிய முறுக்கை நான் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கையில் தொங்கவிட்டிருந்தேன். இங்குள்ள நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. பை சரசரத்ததும் வேலியிலிருந்து ஒன்று இறங்கி வந்தது. ஓடவில்லை, பாயவில்லை, வரி வசூலிக்க வந்தவர்போல நடந்து வந்து, பையைப் பிடித்து, ஓர் இழு. அவ்வளவுதான். கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்காக எடுத்து முகர்ந்து பார்த்துத் தின்றது. வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் குற்றத்துக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் என்று மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன். மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நாம் போடவில்லையே. அதுவாகத்தானே எடுத்துக்கொண்டது?"

தவறு என்னுடையது. முதுகுப்பைக்குள் வைத்திருக்க வேண்டும்.

மேலே போகப் போக வெளிச்சம் குறைந்தது. சில்வண்டுச் சத்தம் காதுக்குள் கம்பி இழுத்தது. குரங்குக் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஒரு கரிய பறவை வந்துகொண்டிருந்தது; வாலிலிருந்து இரண்டு நூல், நூலின் நுனியில் இரண்டு துடுப்பு. துடுப்புவால் கரிச்சான். குரங்கு கிளையை உலுக்கும்போது பறக்கும் பூச்சிகளைப் பிடிக்க இது கூடவே போகும். நேற்று இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மாமாவுக்கு முன்னால் மறுபடி பூச்சியம் வாங்க மனமில்லை.

வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1854இல் இந்த மலையடியில் தங்கி, சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார் என்பதையும் சொன்னேன். மரம் வெட்டும் சீனத் தொழிலாளர்கள் அப்போது இங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள், வெட்டிய மரத்துக்கும் மரத்தூளுக்கும் வண்டுகள் மொய்த்தன, அவர் பொறுக்கிக்கொண்டார். "புலிக்குப் பயந்திருப்பாரே" என்றார் மாமா. உண்மைதான். அந்தக் காலத்தில் இங்கே புலிக்குழி வெட்டிவைப்பார்கள், வாலஸும் எழுதியிருக்கிறார்.

இன்று முக்கியமான விஷயம் இதெல்லாம் அல்ல. சிகரத்துக்குச் சற்றுக் கீழே மாமா ஒரு பெரிய மரத்தின் அருகே நின்றுவிட்டார். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். தலையை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் முதல் கிளை தெரிவதில்லை. பட்டை வெடித்த ஓரிடத்தில் மெழுகுபோல, கண்ணாடிபோல ஏதோ வடிந்து உறைந்திருந்தது. பாதையிலிருந்து எட்டும் தூரம். அவர் முகத்தை அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"குங்கிலியம்" என்றார்.

நானும் முகர்ந்தேன். கோயில் பிராகாரத்தில், தூபக்கால் போய்விட்ட பிறகு சற்று நேரம் நிற்குமே, அந்த வாசனையின் மிக மெல்லிய சாயல். மரம் சேராயா வகை. நம் நாட்டுச் சால மரத்துக்கு நெருங்கிய உறவு. இந்தக் குடும்பத்து மரங்களில் வடியும் பிசினை மலாயில் டாமார் என்பார்கள். நம் குங்கிலியமும் இதே குடும்பத்துச் சரக்குதான். மாமா குங்கிலியக் கலய நாயனார் கதையைத் தொடங்கிவிட்டார். நெல் வாங்கத் தாலியைக் கொடுத்தனுப்பினால் குங்கிலியம் வாங்கிவந்த மனிதர். திருக்கடவூர் எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம் என்பதால் அவரைச் சொந்தக்காரர்போலவே பேசுவார்.

"ஒரு துண்டு எடுத்துப் போகலாமா?"

"இங்கே இலையைக்கூடக் கிள்ளக் கூடாது, மாமா."

கையை இழுத்துக்கொண்டார். ஆனால் விரலை வெகுநேரம் முகர்ந்துகொண்டே வந்தார். சிகரத்தில் உயரம் பொறித்த பாறைக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், புதன்

மழை. காலையில் தொடங்கியது, மாலை நான்கு வரை விடவில்லை. நடை இல்லை.

மாமா என் பணப்பையிலிருந்த ஐந்து வெள்ளி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு மரம். தெம்புசு என்றேன் (இதையும் நேற்றிரவுதான் படித்தேன்). பூமலையில் நிற்கிறது. தாவரவியல் தோட்டத்தை இங்கே பழைய ஆட்கள் பூமலை என்றுதான் சொல்வார்கள். "பணத்தில் மரத்தைப் போட்டிருக்கிறார்கள்" என்று வியந்தார்.

மழை விட்டதும் அடுக்குமாடிக்குக் கீழே காப்பிக்கடைக்குப் போனோம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் எல்லாம் இலையை மூடிக்கொண்டு நின்றன. மாமா இதற்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், ஆனால் தமிழ்நாட்டில் தூங்குமூஞ்சி இல்லாத ஊர் ஏது. மலாய்க்காரர்கள் இதற்குப் புகுல் லீமா, அதாவது ஐந்து மணி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். மாமா என் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பது. "பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது" என்றார்.

நான்காம் நாள், வியாழன்

மனைவி போட்டுக்கொடுத்த திட்டப்படி ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போயிருக்க வேண்டும். மாமா, "பாலத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று மறுத்துவிட்டார். பழைய ரயில் பாதைக்குப் போனோம்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். மலேசிய ரயில் ஓடிய தடம். 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி போயிற்று. அதை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். இப்போது தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். புக்கிட் தீமாவில் 1932ஆம் ஆண்டு நிலையக் கட்டடத்தையும் முன்னால் கொஞ்சம் தண்டவாளத்தையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இந்தத் தடத்தில் வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்டவுனில் இன்று பெரிதாக இருக்கும் முனீஸ்வரன் கோயில், அவர்கள் தண்டவாளத்து ஓரமாக வைத்துக் கும்பிட்ட சாமிதான். மாமா அதைக் கேட்டதும் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று ஒரு கணம் கைகூப்பினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மற்றபடி எனக்கு இந்தப் பாதையில் பெரிய ஈர்ப்பு கிடையாது. நேர்கோடு, நிழலும் சில இடங்களில் குறைவு, சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் மாமாவுக்கு இன்றுதான் திருநாள். காரணம், ஓரத்துப் புல்.

"தொட்டாற்சுருங்கி!" குனிந்து தொட்டார். சுருங்கியது. "கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு இதுதான். அடடா, குப்பைமேனி! இது எப்படி இங்கே வந்தது?" வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கீழாநெல்லியின் காம்பைப் புரட்டி, இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவுக் காய்களை எனக்குக் காட்டினார். நெல்லிக்காயேதான், எறும்புக்குப் பந்தி வைக்கிற அளவில். நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாகப் பார்க்கிறேன். பெயரைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். 'கீழா' என்றால் இதுதான் என்று யோசித்ததில்லை.

பெருங்காட்டில் யாரையும் தெரியாமல் கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்தவர்போல இருந்த மனிதர், இந்தப் புதரோரத்தில் பந்தி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர். கடிகாரம் இன்று அதிரவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

மாமா எதையும் பாதியில் விடமாட்டார். திங்கட்கிழமை பூட்டியிருந்த பாலத்துக்கு இன்று மறுபடி போனோம். இந்தமுறை வீனஸ் டிரைவ் வழியாக, தூரம் குறைவு. பாலம் பார்க்கவா என்று நேற்றுக் கேட்டவர் இவர்தானா என்று நான் கேட்கவில்லை. மருமகனுக்கு இருக்க வேண்டிய அடக்கம் எனக்கு உண்டு.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பாலம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒருவழிப் பாதை, பாதியில் பயந்தாலும் திரும்ப முடியாது. மிக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். காலடியில் இலைக்கூட்டம். அதற்குக் கீழே இருட்டு. தூரத்தில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் தகடுபோல மின்னியது.

நடுவில் போனதும் பாலம் மெதுவாக அசைந்தது. என் தோளில் ஒரு கை விழுந்தது. தென்னை மரம் ஏறிப் பழகிய கை, கரடுமுரடாக. "ஏறும்போது மரம் கையில் இருக்கும். இங்கே கையில் ஒன்றுமில்லையே, மாப்பிள்ளை" என்றார். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. கடைசி வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

"மரத்தின் தலையை இப்போதுதான் பார்க்கிறேன். பூவெல்லாம் இங்கேதான் பூக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியும்?"

இறங்கிய பிறகு, எப்போது கட்டினார்கள் என்று கேட்டார். 2004 நவம்பரில் திறந்தார்கள் என்றேன்.

"அந்த வருடமா" என்றார். அதன்பிறகு சாலைக்கு வரும்வரை எந்த மரத்துக்கும் பெயர் கேட்கவில்லை.

இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சுங்கை பூலோவுக்குப் போகலாம். நானும் வருகிறேன்" என்றாள்.

ஆறாம் நாள், சனி

கிராஞ்சியிலிருந்து 925 பஸ். இன்று நான்கு பேர். மகன் தாத்தாவுக்குப் பக்கத்தில்.

சுங்கை பூலோ தீவின் வடமேற்கு ஓரம். சதுப்புநிலம், அதற்கு அப்பால் ஜலசந்தி, அதற்கும் அப்பால் ஜோகூர்க் கட்டடங்கள். பலகைப் பாதையில் ஏறிச் சேற்றின் வாடை மூக்கில் பட்டதும் மாமாவின் நடையே மாறிவிட்டது. என்னைத் தாண்டி, மகனைத் தாண்டி முன்னால் போய்விட்டார்.

"சுரபுன்னை!"

வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்கள். கிளையிலிருந்து முருங்கைக்காய்போல நீளமாகத் தொங்குபவை காய் அல்ல, முளை என்று பேரனுக்குச் சொன்னார். விதை மரத்திலேயே முளைத்து, கனம் தாங்காமல் விழும்போது கத்திபோலச் சேற்றில் குத்தி நிற்கும். தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறு கரையில் பிடித்துக்கொள்ளும். "பிள்ளையைத் தாயே வளர்த்து விட்டுவிடுகிறாள். உப்புத் தண்ணீரில் விதையைப் போட்டால் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்."

அடுத்தது கண்டல். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பென்சில்கள் முளைத்ததுபோல மூச்சு வேர்கள். தாழ்ந்த கிளை ஒன்று கைப்பிடிக்கு மேலே சாய்ந்திருந்தது. இரண்டு நாளாக மழையில்லை. மாமா இலையைக் கிள்ளவில்லை. அதன்மேல் விரலை ஒருமுறை தடவி நாக்கில் வைத்தார். என் பக்கம் திரும்பி, "செய்யுங்கள்" என்றார்.

தடவினேன். உப்பு. சந்தேகமே இல்லாத, கடலையில் ஒட்டியிருக்கும் உப்பு. இந்த மரம் வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது என்று எங்கோ படித்த நினைவு இருக்கிறது. படித்தது மூளையில் எங்கோ கிடந்தது. இது நாக்கில் நின்றது. மகன் ஐந்து இலையைத் தடவிப் பார்த்தான்.

பிறகு ஒரு மரத்துக்கு முன்னால் எல்லாரையும் கையால் தடுத்தார். சில இலைகள் பழுத்துச் செந்நிறமாகத் தொங்கின. "இதைத் தொடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். தில்லை."

மலாயில் இதைப் புத்தா புத்தா என்பார்கள். புத்தா என்றால் குருடு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பயத்தைப் பார்த்திருக்கிறார்கள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தில்லை என்று பெயர் வாங்கிய சிதம்பரத்தில் தில்லை வனம் போய் எத்தனையோ காலமாயிற்று. பிச்சாவரத்தில்தான் மரம் மிச்சமிருக்கிறது. அதைச் சிங்கப்பூரில், பலகைப் பாதைக்கு இரண்டடி தள்ளிப் பார்ப்போம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நான் அந்த மரத்தை எத்தனை முறை கடந்திருப்பேன்!

குளங்களுக்கு நடுவே கரையில் போகும்போது மதகு ஒன்று தென்பட்டது. அவ்வளவுதான், லஸ்கர் வந்துவிட்டார். பலகை எந்தப் பக்கம் இறங்குகிறது, கடல் ஓதம் ஏறும்போது எவ்வளவு உள்ளே விடுகிறார்கள் என்று குனிந்து குனிந்து பார்த்தார். இவை முன்பு இறால் பண்ணைக் குளங்கள் என்றேன். மாமாவின் முகம் சுருங்கியது. அவருக்கு இறால் பண்ணை என்றாலே ஆகாது; பக்கத்து நிலத்தில் பண்ணை வந்து இவருடைய ஒன்றரை மா நிலம் உப்பேறிப் போயிற்று. ஆனால் இங்கே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. 1986இல் பறவை பார்க்க வந்த சிலர், கடல்கடந்து வரும் பறவைகள் இந்தக் குளங்களில் கூடுவதைக் கண்டு அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989இல் இடத்தை ஒதுக்கினார்கள், 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. இன்றும் மதகை இயக்கித்தான் குளத்தின் நீர்மட்டத்தைப் பறவைக்குத் தோதாக வைத்திருக்கிறார்கள். "பறவைக்கு முறைத்தண்ணீர்" என்றார் மாமா. அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டுச் சொல் கிடையாது.

பெரிய பாலத்திலிருந்து முதலையையும் பார்த்தோம். மகனுக்கு இன்று அதுதான் பெரிய விஷயம், ஆகவே குறிப்பிட்டுவிடுகிறேன். ஒரு மரக்கட்டை கண்ணைத் திறந்ததுபோல இருந்தது.

ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே சேற்றுமேடு மூழ்க மூழ்கப் பறவைகள் குளத்துக்குள் வந்து இறங்கின. மறைவிடத்தில் இருந்த தொண்டூழிய ஆண்ட்டி ஒருவர் தம் தொலைநோக்கியில் மாமாவைப் பார்க்கச் சொன்னார். "உள்ளான்" என்றார் மாமா. ஆண்ட்டி காலைப் பார்க்கும்படி சைகை செய்தார். சிவப்பு. மகன் கைப்பேசியில் தேடித் தமிழ்ப் பெயரைக் கண்டுபிடித்தான்: பவளக்காலி. "எவன் வைத்தானோ, பார்த்துத்தான் வைத்திருக்கிறான்" என்றார். ஆசியாவின் வடபகுதியிலிருந்து குளிர்காலத்துக்கு முன்பே கிளம்பி வருபவை. செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே. பிச்சாவரத்துக்கும் வரும்.

அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"சுனாமி வந்ததே, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவுக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர் வந்தது. நடுவில் காடு இருந்தது, வாங்கிக்கொண்டது. காட்டுக்கு முன்னால், கடலோரத் திட்டில் இருந்தவர்களுக்கு அப்படித் தடுக்க ஒன்றுமில்லை." சற்று நேரம் குளத்தையே பார்த்தார். "திட்டில் எனக்கு ஒரு சிநேகிதன். நண்டு பிடிப்பான். நான் வயல்காட்டு ஆள்தானே, எனக்குச் சுரபுன்னையும் கண்டலும் எப்படித் தெரியும்? படகில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் சொல்லு, பெயர் சொல்லு என்று கேட்பான். சொல்லாவிட்டால் கரையில் இறக்கிவிடமாட்டான்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அப்பா இதைப் பேசியதில்லை என்று பிறகு சொன்னாள். அந்தச் சிநேகிதனின் பெயரை மாமா எங்களிடம் சொல்லவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மகன், நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த ஒரு செடியைக் காட்டி என்னிடம் கேட்டான்: "அப்பா, இதற்கு என்ன பெயர்?" பெரிய இலை, மஞ்சள் பூ. சிம்போ ஆயிர் என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து

மாமா ஊருக்குப் போய்விட்டார். நான் மீண்டும் கப்பல் பட்டறை, தலைக்கவசம், பாதுகாப்புப் படிவங்கள். நடைக்கணக்குப் போட்டியில் இந்த மாதம் எங்கள் பிரிவிலேயே நான்தான் கடைசி.

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. பின்னணியில் துடுப்புச் சத்தம். படகில் இருந்து பேசியிருக்கிறார். பிச்சாவரத்துக்குப் படகில் போய்ப் பன்னிரண்டு வருடமாயிற்று என்று மனைவி சொன்னாள்.

"மாப்பிள்ளை, பவளக்காலி இங்கே இன்னும் கிளம்பவில்லை. நிறைய இருக்கிறது. அங்கே போய்விட்டதா, பார்த்துச் சொல்லுங்கள்."

சனிக்கிழமை ஓதம் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை பத்தே முக்கால்.